தாய்ப்பத்திரம் உள்ள துப்பாக்கி

மிசௌரியில், செயின்ட் லூயிஸ் பக்கம் குடிவரும் நம்மவர்களை முதல் வருஷத்திலேயே ஒரு காட்சி உலுக்கிவிடும். பக்கத்து வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள். நாம் சாமி படம் மாட்டும் உயரத்தில், கணப்புக்கு மேலே, நாலடிக்குக் குறையாத பழைய துப்பாக்கி ஒன்று தொங்கும். அதன் கீழே உட்கார்ந்து பிள்ளைகள் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள். ஊரில் தேர்தல் தேதி அறிவித்தாலே, லைசென்ஸ் வைத்திருப்பவர்கூடத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு திரும்புவார். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

"இதற்கு லைசென்ஸ் உண்டா?" என்று கேட்டால் வீட்டுக்காரர் உள்ளே போய்க் காகிதக் கோப்பு ஒன்றை எடுத்து வருவார். அதில் லைசென்ஸ் இருக்காது. 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பழம்பொருள், உரிமம் கேட்பதில்லை. மாநில விதி தனி, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, நவீனத் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்க அவர்களுக்குத் தடை. கோப்பில் இருப்பது, அந்தத் துப்பாக்கி யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறு. நம் பாஷையில் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும்.

இந்த ஊரில் அந்தப் பேச்சு எப்படியும் ஹாக்கனில் வந்து நிற்கும். ஜேக்கப் ஹாக்கன், சாமுவேல் ஹாக்கன் என்ற அண்ணன் தம்பி மேரிலாந்திலிருந்து பிழைக்க வந்து இங்கே பட்டறை போட்டார்கள். 1825 முதல் இருவரும் கூட்டாகத் தொழில் செய்தார்கள். 1849-ல் காலரா வந்து அண்ணன் போய்விட்டார். ராக்கி மலைப்பக்கம் பீவர் என்ற நீர்வாழ் பிராணியின் தோலுக்குப் போன வேட்டைக்காரர்களுக்கும், பிறகு சமவெளி கடந்தவர்களுக்கும் இவர்கள் செய்து கொடுத்தது கனத்த, அந்தக் காலத்து நீளத் துப்பாக்கிகளைவிடக் குட்டையான ரகம். எண்கோணக் குழல், 34 முதல் 36 அங்குலம். உள்விட்டம் பெரும்பாலும் அரை அங்குலம், அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல். உள்ளே 48 அங்குலத்துக்கு ஒரு சுற்றாகச் சுழலும் பள்ளம். மொத்தம் நாலரைக் கிலோ அளவுக்கு எடை. விசை இரண்டு: பின்விசையை அழுத்தி வைத்துவிட்டால் முன்விசை விரல் பட்டாலே விழும்.

வெடிக்கும் முறை நமக்குப் புதிதல்ல. நரிக்குறவர் தோளில் தொங்கிய நாட்டுத்துப்பாக்கியும் இதே சாதிதான். வாய் வழியாகக் கருமருந்து, அதன்மேல் எண்ணெய்த் துணி சுற்றிய ஈயக்குண்டு, கோலால் கெட்டித்து, பின்னால் 'முலை' என்ற சின்னக் குழாய் முனையில் கேப்பு. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கிற கேப்பின் முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கையில் எடுத்தால் முதல் வேலை, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. நூறு வருஷம் முன்னால் கெட்டித்ததை யாரோ அப்படியே மாட்டிவைத்திருக்கக்கூடும். காய்ந்த கருமருந்து கெட்டுப்போவதில்லை. குழலின் வாய்க்கு நேரே நிற்காமல், முலையில் கேப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கோலை உள்ளே மெதுவாக இறக்கி, வாயருகே கோலில் அடையாளம் வைக்கவும். பிறகு கோலை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்த்தால் அதன் முனை முலை இருக்கும் இடம் வரை போக வேண்டும். ஒன்றரை, இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதைப் பழந்துப்பாக்கி தெரிந்த பட்டறைக்காரர்தான் எடுக்க வேண்டும்.

பிறகுதான் கோப்பு. ஹாக்கன் பட்டறையில் தொடர் எண் அடிக்கும் வழக்கம் இல்லை. ஆகவே எண்ணைக் கொடுத்துப் பதிவேட்டில் தேட முடியாது. வின்செஸ்டர் போன்ற பிற்கால ஆலைத் துப்பாக்கி என்றால், பல ரகங்களின் ஏடுகள் வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எண்ணைச் சொன்னால் கடிதம் தருவார்கள். ஹாக்கனுக்கு உள்ள சாட்சி, குழலின் முத்திரையும் கைமாறிய காகிதமும்தான்.

அந்த இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்க வேண்டும். "கொள்ளுத்தாத்தா 1830-களில் மலைச் சந்தைக்குக் கொண்டுபோனது" என்று குடும்பக் கடிதம் சொல்லும். குழலிலோ 'எஸ். ஹாக்கன்' என்று தம்பி பேர் மட்டும் இருக்கும். இருவர் பேரும் சேர்ந்தது கூட்டுக்கால முத்திரை. தம்பி பேர் தனியாக இருந்தால் பொதுவாக அண்ணன் இறந்த 1849-க்குப் பிந்தையது. வேட்டைக்காரர்கள் தோல் விற்கக் கூடிய மலைச் சந்தைகளோ 1840-லேயே முடிந்துவிட்டன. கடிதம் எழுதியவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இரண்டு தாத்தாக்களின் கதை ஒன்றாகக் கலந்திருக்கும். பளபளக்கும் பித்தளைப் பூணும், திருகி நகர்த்தும் குறியும் இருந்தால் அது அநேகமாக 1970-க்குப் பிறகு வந்த நகல். சமவெளி ஹாக்கனின் பூண் பெரும்பாலும் இரும்பு.

நல்ல கோப்பில் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் அந்தந்தக் காலத்துக் காகிதம் இருக்கும்: விற்பனை ரசீது, இறந்தவர் சொத்துப் பட்டியல், நோட்டரி முன் கையெழுத்திட்ட வாக்குமூலம், துப்பாக்கியோடு நிற்கும் படம். படத்தில் கட்டையின் வெடிப்பு, வரித்தழும்பு, திருகின் இடம் பொருந்துகின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். நடுவே ஒரு முப்பது வருஷம் காகிதமே இல்லையென்றால் வில்லங்கத்தில் ஓட்டை விழுந்த மாதிரி. கைமாற்றம் குறைந்தால் சங்கிலி உறுதி. பேர்பெற்ற மலை வேட்டைக்காரர் கிட் கார்சனின் ஹாக்கன், அவர் உறுப்பினராக இருந்த சான்டா ஃபே ஊரின் ஃப்ரீமேசன் சகோதர சங்கத்திடமே வந்து சேர்ந்தது. அவரைப் போன்ற இன்னொரு மலை வேட்டைக்காரர் ஜிம் பிரிட்ஜரின் ஹாக்கன் மொன்டானா மாநிலத்துத் தலைநகர் ஹெலினாவில், வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது.

இந்த ஊர்க் குளிர்காலம் நமக்குப் பழகிவிடும். துப்பாக்கிக் கட்டைக்குப் பழகாது. ஹீட்டர் ஓட ஓடக் காற்று வறண்டு, மெலிந்த கழுத்துப் பகுதியில் மரம் பிளக்கும். கணப்புக்கு மேலே மாட்டுவது அதனால்தான் தப்பு. ஈரப்பதம் 45–50 விழுக்காட்டில் நிற்கும் உள்சுவர் நல்லது. பழுப்பேறிய குழலை எஃகு நாரால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டால் முத்திரையின் வயதைச் சொல்லும் தோலே உரிந்துபோகும். பருத்தி உறை போட்ட கையால் மெல்லிய மெழுகு பூசினால் போதும்.

பேர் வெட்டியிருந்தால் எழுத்தின் விளிம்பை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். பழைய கீறல்கள் எழுத்தைக் கடந்து ஓடினால் எழுத்து முந்தியது. கீறலை எழுத்து வெட்டிக்கொண்டு போனால் பேர் பிறகு வந்தது. இதைச் சொல்லித்தரும்போது நம்மவர் எல்லாருக்கும் ஊர்ப் பாத்திரக்கடை வாசல் ஞாபகம் வந்துவிடும். கல்யாணச் சீருக்கு வாங்கிய அண்டாவை மடியில் சாய்த்து, டக் டக் என்று சின்ன உளியால் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டுபவர். இனிஷியல், பேர், ஊர், தேதி. கைமாறியதற்கு அதைவிட நேரான சாட்சி வேறென்ன? அந்த அண்டாக்களை எவர்சில்வர் வந்ததும் எடைக்குப் போட்டோம். கடைக்காரர் தராசில் வைக்கும் முன் பேரை வாசித்ததுகூட இல்லை.

இங்கே நம் அடுப்படிகளில் பெட்டியோடு வந்த பித்தளைச் சொம்பு ஒன்று எப்படியும் இருக்கும். கழுத்துக்குக் கீழே தடவினால், புளியும் சாம்பலும் போட்டு எழுபது வருஷம் தேய்த்ததில் மழுங்கிப்போன புள்ளிகள் விரலில் படும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்து எழும்பும்: இனிஷியல், பாட்டி பேர், ஊர்ப் பேரில் முதல் இரண்டெழுத்து.