என்கோடர் ஏபிஐ டிசைன் கேள்விக்கு நான் படித்த விதம்

"ஒரு கருவியில் இருக்கும் வீடியோ என்கோடர் எந்தெந்த ஃபார்மட்டை சப்போர்ட் செய்யும் என்று அப்ளிகேஷனுக்குச் சொல்ல வேண்டும். அதற்கான ஏபிஐயை டிசைன் பண்ணுங்க." என்கோடர் என்பது வீடியோவைச் சுருக்கும் பகுதி; ஏபிஐ என்பது அப்ளிகேஷன் அதனிடம் பேசுவதற்கான ஃபங்ஷன்களின் தொகுப்பு. இந்தக் கேள்வி இரண்டு இன்டர்வியூக்களில் எனக்கு வந்தது. முதல் முறை தவறவிட்டேன். நான்கு மாதம் கழித்து வேறொரு கம்பெனியில் இதே கேள்வி வந்தபோது ஒரு மணி நேரம் நிதானமாகப் பேச முடிந்தது. நடுவில் என்ன படித்தேன் என்பதை எழுதிவைக்கிறேன். மல்டிமீடியா பக்கம் வேலை தேடுபவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

முதல் முறை போர்டில் நான் எழுதியது ஒரே ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது சில தகவல்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் அமைப்பு. கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) பெயர், பிக்சல் ஃபார்மட் (படத்தின் நிறங்களைச் சேமிக்கும் விதம்) பட்டியல், அதிகபட்ச அகலம், அதிகபட்ச உயரம், அதிகபட்ச ஃபிரேம் ரேட். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். எதிரே இருந்தவர் கேட்டார்: "இந்த என்கோடர் 4096 x 2160 எடுக்கும். ஃபோனை நிமிர்த்திப் பிடித்தால் 2160 x 4096-ம் எடுக்கும். இதை எப்படி எழுதுவீங்க?" அகலம் 4096, உயரம் 4096 என்றேன். "அப்போ 4096 x 4096 எடுக்குமா?" எடுக்காது. ஆனால் என் ஸ்ட்ரக்ட் எடுக்கும் என்றுதான் சொல்கிறது. அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து நான் முதலில் எடுத்தது எந்த ஏபிஐயும் அல்ல, எச்.264 என்ற வீடியோ கோடெக்கின் லெவல் அட்டவணை. எவ்வளவு பெரிய படத்தை எவ்வளவு வேகத்தில் கையாளலாம் என்ற வரம்புதான் லெவல். நீங்களும் அங்கேயே தொடங்குங்கள் என்பேன். லெவல் 4-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு ஃபிரேமில் அதிகபட்சம் 8192 மேக்ரோபிளாக், ஒரு நொடிக்கு அதிகபட்சம் 2,45,760. மேக்ரோபிளாக் என்பது 16 x 16 பிக்சல் சதுரம். 1920-ஐ 16-ஆல் வகுத்தால் 120. 1080-ஐ வகுத்தால் 67.5, அரைச் சதுரம் கிடையாது என்பதால் 68. பெருக்கினால் 8160. சரி, ஃபிரேம் அடங்கிவிட்டது. 30 ஃபிரேமுக்கு 2,44,800. அதுவும் மயிரிழையில் அடங்குகிறது. 60 ஃபிரேம் என்றால் 4,89,600 வேண்டும், லெவல் 4.2-க்குப் போக வேண்டும். ஆனால் அதே லெவல் 4-இல் 1280 x 720 படத்தை 60 ஃபிரேமில் தாராளமாக எடுக்கலாம், 2,16,000தான் ஆகிறது. அப்படியானால் லெவல் 4-க்கு "அதிகபட்ச ஃபிரேம் ரேட்" எவ்வளவு? ஒற்றை எண்ணாக ஒரு பதில் கிடையாது. அகலமும் அப்படித்தான்: லெவல் 4-இல் 4096 பிக்சல் வரை போகலாம், ஆனால் அந்த அகலத்தில் உயரம் 512-ஐத் தாண்டக் கூடாது.

இந்தக் கணக்கை நோட்டில் கையால் போட்டுப் பார்த்த பிறகுதான் என் தவறு எங்கே என்று பிடிபட்டது. அகலம், உயரம், ஃபிரேம் ரேட் மூன்றும் ஒன்றை ஒன்று பிடித்து இழுப்பவை. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பட்டியலாகக் கொடுத்தால், ஒவ்வொரு பட்டியலும் சரியாக இருந்தும் மொத்தமாகப் பொய் சொல்லும்.

அப்புறம் இருக்கிற ஏபிஐகளைப் படிக்கத் தொடங்கினேன். ஆண்ட்ராய்டு 5.0-இல் வந்த வீடியோ கேப்பபிலிட்டீஸ் வகுப்பு இந்தச் சிக்கலை நேராகவே எடுத்துக்கொள்கிறது. முதலில் அகல வரம்பைக் கேட்கலாம். ஒரு அகலத்தைக் கொடுத்து, அந்த அகலத்துக்கு என்ன உயரம் என்று கேட்கலாம். இரண்டையும் கொடுத்து ஃபிரேம் ரேட்டைக் கேட்கலாம். கடைசியில் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து ஆம், இல்லை என்று வாங்கிக்கொள்ளலாம். என் பழைய ஃபோனில் நாற்பது வரியில் ஒரு ஆப் எழுதி இதை ஓட்டினேன். அகலத்தை மாற்ற மாற்ற உயர வரம்பு மாறுவதைத் திரையில் பார்த்தது, பத்து முறை படித்ததைவிட நன்றாக மனதில் நின்றது.

லினக்ஸில் வீடியோ கருவிகளுக்கான ஏபிஐயான வீ4எல்2 வேறு வழியில் போகிறது. 0, 1, 2 என்று எண் கொடுத்து ஒவ்வொரு ஃபார்மட்டாகக் கேட்கிறோம், தீர்ந்ததும் பிழை வருகிறது. அதில் முக்கியமானது வரிசை: முதலில் வெளியே வரும் கோடெக்கை செட் செய்துவிட்டு, பிறகுதான் அதற்கு உள்ளே எந்த பிக்சல் ஃபார்மட் போகும் என்று கேட்க வேண்டும். பதில் அப்போதைய நிலையைப் பொறுத்தது.

எனக்கு மிகவும் பயன்பட்டது எஃப்எஃப்எம்பெக் என்ற ஓப்பன் சோர்ஸ் வீடியோ மென்பொருள். பல வருடங்களாக அதில் ஒவ்வொரு கோடெக்கின் ஸ்ட்ரக்டிலும் பிக்சல் ஃபார்மட் பட்டியல் நிலையான அரேயாக இருந்தது. அங்கே நல் (மதிப்பு எதுவும் வைக்கப்படவில்லை என்ற குறி) இருந்தால் "தெரியாது" என்று பொருள். 2024-இல் வந்த 7.1 பதிப்பில் அந்த ஃபீல்டுகளை ஓரங்கட்டிவிட்டு, அதே தகவலைத் தர ஒரு ஃபங்ஷன் கொண்டுவந்தார்கள். அந்த ஃபங்ஷன் பட்டியலுக்குப் பதில் நல் கொடுத்தால் "எல்லா மதிப்பும் ஏற்கப்படும்" என்று பொருள். ஒரே நல், இரண்டு அர்த்தம்! நீங்கள் டிசைன் செய்யும்போது "எல்லாம் சரி", "எதுவும் இல்லை", "தெரியாது" மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வழி வையுங்கள். அந்த ஃபங்ஷனில் இன்னொன்றும் கவனித்தேன். விருப்பப்பட்டால் கோடெக் கான்டெக்ஸ்டையும் கொடுக்கலாம், அதில் உள்ள செட்டிங்குகளைப் பொறுத்து பதில் மாறக்கூடும். நிலையான அரேயால் இதைச் செய்யவே முடியாது. ஃபீல்டை ஏன் ஃபங்ஷனாக்கினார்கள் என்று இன்டர்வியூவில் விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிரவுசருக்கான வெப்கோடெக்ஸில் பட்டியலே கிடையாது. முழு கான்ஃபிகரேஷனை (கோடெக், அகலம், உயரம் போன்ற செட்டிங்குகள் மொத்தமாக) கொடுத்து "இது முடியுமா" என்று கேட்க மட்டுமே முடியும். பதிலோடு கான்ஃபிகரேஷனின் நகல் ஒன்றும் திரும்பி வரும். பிரவுசருக்குப் புரிந்த ஃபீல்டுகள் மட்டுமே அதில் இருக்கும். நாளைக்குப் புதிதாக ஒரு ஃபீல்டு வந்தால், பழைய பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாமல் ஆம் என்று சொல்லியிருக்கிறதா என்பதை அந்த நகலைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இது எனக்கு மிகவும் பிடித்த டிசைன்.

இரண்டாவது இன்டர்வியூவில் நான் உடனே எழுதத் தொடங்கவில்லை. "இதை யார் கேட்கப் போகிறார்கள்?" என்று கேட்டேன். செட்டிங்ஸ் திரையில் தேர்வுகளைக் காட்ட வேண்டும் என்றால் பட்டியல் வேண்டும். ரெக்கார்டிங் தொடங்கும் முன் என்றால், முழு கான்ஃபிகரேஷனுக்கு ஆம், இல்லை என்ற பதில் வேண்டும். இரண்டும் வேண்டும் என்றார் எதிரே இருந்தவர். இரண்டு ஃபங்ஷன் எழுதினேன். பட்டியல் தருவது உத்தேசம், முழுக் கேள்விக்கான பதில்தான் இறுதி என்று தெளிவாகச் சொன்னேன். முடியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் மதிப்புக்கு மாற்றித் தரலாமே என்று கேட்டார். வீ4எல்2 டிரைவர்கள் அப்படிச் செய்கின்றன; ஆனால் சொல்லாமல் மாற்றினால் அப்ளிகேஷன் எழுதுபவர் ஏமாறுவார், அதனால் அது தனி ஃபங்ஷனாக இருக்கட்டும் என்றேன்.

கடைசியாக, "சப்போர்ட் உண்டு என்று சொன்ன பிறகும் என்கோடர் தொடங்காமல் போகுமா?" என்றார். போகும். ஹார்டுவேர் என்கோடரில் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய செஷன்களுக்கு வரம்பு உண்டு, வேறொரு ஆப் அதைப் பிடித்துவைத்திருக்கலாம். ஆண்ட்ராய்டில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை இன்ஸ்டன்ஸ் (ஓடும் என்கோடர்) இருக்கலாம் என்று கேட்க முடியும், ஆனால் அது மேல்வரம்பு மட்டுமே, இடம் காலியாக இருக்கும் என்ற உறுதி அல்ல. எனவே தொடங்கும்போது வரும் பிழையில் "எப்போதும் முடியாது" என்பதும் "இப்போது முடியாது" என்பதும் வெவ்வேறு பிழைக் குறியீடாக இருக்க வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். அந்த வேலை கிடைத்தது.

நேரம் குறைவாக இருந்தால் லெவல் கணக்கையும் எஃப்எஃப்எம்பெக்கின் அந்த மாற்றத்தையும் மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். முழு அட்டவணையும் மனப்பாடம் வேண்டாம். லெவல் 3.1-க்கு ஃபிரேமுக்கு 3600 மேக்ரோபிளாக், நொடிக்கு 1,08,000. லெவல் 4-க்கு 8192, 2,45,760. லெவல் 4.2-க்கு 8704, 5,22,240. இந்த ஆறு எண்கள் கையில் இருந்தால் போர்டில் எந்த உதாரணத்தையும் கணக்குப் போட்டுக் காட்டலாம்.