பொட்டாசியம் 8.9ன்னு வந்த ரிப்போர்ட்டும் ஊதா மூடி டியூப்பும்

சித்தப்பாவுக்கு பிரஷர் மாத்திரைக்காக வழக்கமா எடுக்குற டெஸ்ட்தான். ரிப்போர்ட்ல பொட்டாசியம் 8.9, கால்சியம் 4.1, ஏஎல்பி (ரத்தத்துல பாக்குற ஒரு என்சைம்) 11. பொட்டாசியம் ரொம்ப அதிகம், மத்த ரெண்டும் ரொம்பக் கம்மி. கவுன்டர்ல இருந்தவர் "கிட்னி போயிருச்சு போல, மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு சித்திகிட்ட சொல்லிட்டாரு, தங்கச்சிமடத்துல வீடே ஒப்பாரி, மனுஷன் என்னடான்னா திண்ணையில ஒக்காந்து கிழிஞ்ச வலைய சரி பண்ணிட்டு இருக்காரு.

8.9 நெசமா இருந்தா இதயம் எப்ப வேணா நிக்கலாம். அதனால மொத வேலையா ஈசிஜி எடுத்தோம், பொட்டாசியம் ஏறுனா அதுல தெரியுற கூரான டி அலை எதுவும் இல்ல, நார்மல். லேப் தப்புதான்னு நீங்களா முடிவு பண்ணி ஈசிஜிய மட்டும் விட்றாதீங்க.

நான் எம்பிபிஎஸ் செகண்ட் இயர். ரத்த செல் உடைஞ்சாலும் பொட்டாசியம் ஏறும், ஆனா கால்சியம் இப்படி பாதியா எறங்காது. மூணும் சேந்து இப்படி வந்தா மொத சந்தேகம் ஈடிடிஏ மேலதான். ஊதா மூடி டியூப்ல இருக்குறது பொட்டாசியம் ஈடிடிஏ, ரத்தம் உறையாம இருக்க கால்சியத்தப் புடிச்சுக்கும், ஏஎல்பிக்கு வேண்டிய ஜிங்க், மெக்னீசியத்தையும் விடாது. கிட்னி வேலை செய்யுதான்னு காட்டுற கிரியாட்டினின் வேற 0.9, நார்மல், கிட்னி போனவர் ரிப்போர்ட்டா இது?

லேப்ல போய்க் கேட்டா "மெஷின் பொய் சொல்லாதும்மா, சைன் போட்டாச்சு"ங்குறாங்க. அப்பத்தான் சித்தப்பா "செவப்பு மூடியில ரத்தம் பத்தலன்னு ஊதாவுல இருந்து கொஞ்சம் ஊத்துனானே"ன்னாரு. நல்லவேள பாத்து வச்சிருந்தாரு!

ராமநாதபுரத்துல வேற லேப்ல திரும்ப எடுத்தோம். பொட்டாசியம் 4.3, கால்சியம் 9.4.

ரத்தம் குடுக்குறப்ப கவனிங்க, செவப்போ மஞ்சளோ, அந்த மூடி மொதல்ல, அப்புறம் ஊதா, சுகருக்கான சாம்பல் மூடி கடைசி. ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு ஊத்த விடாதீங்க. கைய ரொம்ப மடக்கி மடக்கி விரிக்காதீங்க, அதுலயும் பொட்டாசியம் ஏறும். நம்ம ஊர்ல பாதி இடம் கலெக்‌ஷன் சென்டர்தான், சாம்பிள் பஸ் ஏறித்தான் போகுது, அதனால ரத்தத்த மெஷின்ல சுத்தி செல்லத் தனியா எப்ப பிரிப்பீங்கன்னு கேட்டுக்கோங்க. பிரிக்காம மீன் மாதிரி ஐஸ்ல போட்டு அனுப்புனா செல்லுல இருக்குற பொட்டாசியம் வெளிய கசியும், சாதா டியூப்லயே வெளிய கெடந்தா சுகர் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் கொறையும்.

பழைய லேப்ல ரெண்டு ரிப்போர்ட்டையும் காட்டிப் பணத்தக் கேட்டோம். மேனேஜர் வரட்டும்னாங்க. இன்னும் வரல.