எழுதப்படாமலே போகும் சட்டங்கள்

வணிக ஒப்பந்தம் என்றால் சுங்கவரியைப் பற்றிய பேச்சு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதுகூட இத்தகைய ஒப்பந்தங்களின் பெயரால் வழக்காகும் என்பதை உருகுவேயின் கதையைப் படித்த பிறகே உணர்ந்தேன்.

பெட்டியின் இரு பக்கங்களிலும் 80 விழுக்காட்டு இடம் எச்சரிக்கைக்கு உரியது, ஒரு வணிகப் பெயரில் ஒரே வகை சிகரெட்டைத்தான் விற்கலாம் என்று அந்தச் சிறிய நாடு விதித்தது. சுவிட்சர்லாந்துடன் அது செய்துகொண்டிருந்த முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம் 2010-இல் சர்வதேச நடுவர் மன்றத்தை நாடியது. 2016-இல் உருகுவே வென்றது. அதன் வழக்குச் செலவுக்காக 70 லட்சம் டாலரை நிறுவனம் தரவேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. வணிகச் சின்னங்கள் இல்லாத பெட்டிகளைக் கட்டாயமாக்கிய ஆஸ்திரேலியாவின் மீது அதே குழுமம் தொடுத்த வழக்கும் 2015-இல் தள்ளுபடியானது. ஆஸ்திரேலியாவும் ஹாங்காங்கும் செய்துகொண்டிருந்த முதலீட்டு ஒப்பந்தத்தின் பாதுகாப்பைப் பெறுவதற்காகவே தன் ஆஸ்திரேலியப் பங்குகளை ஹாங்காங் நிறுவனம் ஒன்றுக்கு அது மாற்றியிருந்ததை நடுவர்கள் உரிமையைத் தவறாகப் பயன்படுத்திய செயலாகக் கண்டனர்.

அரசுகள்தாம் வென்றுவிட்டனவே, பிறகென்ன கவலை என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சின்னமில்லாப் பெட்டிச் சட்டத்தைத் தானும் கொண்டுவர விரும்பிய நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவின் வழக்குகள் எப்படிப் போகின்றன என்று பார்த்துக் காத்திருந்தது. அங்கே அது நடைமுறைக்கு வந்தது 2018-இல்தான். வழக்குச் செலவுக்கு அஞ்சி ஒரு சுகாதார அமைச்சகம் தன் சட்ட வரைவை ஒத்திப்போட்டால், அந்த இழப்பு எந்தத் தீர்ப்பிலும் பதிவாவதில்லை. நேரடியாகவே விட்டுக்கொடுத்த நாடும் உண்டு. கொழுப்பு மிகுந்த வான்கோழி வால் இறைச்சியின் இறக்குமதிக்கு 2007-இல் தடை விதித்த சமோவா, 2012-இல் உலக வணிக அமைப்பில் சேர்வதற்காக அத்தடையை விலக்க ஒப்புக்கொண்டது.

மருந்து விஷயத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. காப்புரிமைக்குக் குறைந்தது 20 ஆண்டு என்று வகுத்த டிரிப்ஸ் எனும் உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம், மக்கள் நலனைக் காக்கும் அரசுகளின் உரிமைக்குத் தடையாகக் கூடாது என்று 2001-இல் தோகாவில் உறுப்பு நாடுகள் அறிவித்தன. ஆயினும் பின்னர் வந்த இருதரப்பு ஒப்பந்தங்கள் பலவற்றில், மருந்தை முதலில் உருவாக்கிய நிறுவனத்தின் மருத்துவச் சோதனைத் தரவுகளைச் சார்ந்து மலிவு மருந்துக்குச் சில ஆண்டுகள் அனுமதி வழங்கக் கூடாது என்ற விதி நுழைந்துவிட்டது. காப்புரிமையே இல்லாத மருந்துக்கும் இது பூட்டுப் போடுகிறது. பேச்சுவார்த்தை மேசையில் சுகாதாரத் துறையினர் தொடக்கத்திலிருந்தே அமர்ந்திருந்தால் இத்தகைய விதிகளின் விலையை அப்போதே சுட்டிக்காட்டியிருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

புகையிலைக் கட்டுப்பாட்டை எதிர்த்து முதலீட்டாளர்கள் வழக்குத் தொடுப்பதை அரசுகள் மறுக்கலாம் என்று, பசிபிக் கரை நாடுகள் உருவாக்கிய சிபிடிபிபி வணிக ஒப்பந்தத்தில் தனி விதியே எழுதப்பட்டுள்ளது. மதுவுக்கோ சர்க்கரை பானங்களுக்கோ அத்தகைய தனி விதி அதில் இல்லை.