தேங்காயெண்ணெய் லீற்றருக்கு 380 ரூபா, ரோல்ஸுக்கு இரண்டரை ரூபா

பட்ஜெட் காலம் வந்தால் "கொழுப்புச் சாப்பாட்டுக்கும் வரி போட்டால் என்ன" என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். இலங்கையில் நிகழும் பத்து மரணங்களில் எட்டுக்கு மேல் தொற்றா நோய்களால்தான் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லும்போது, அந்தப் பேச்சைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. ஆனால் சீனிக்கு வரி போடுவது வேறு, கொழுப்புக்குப் போடுவது வேறு.

சீனி வரியைப் பாருங்கள். 2017 நவம்பரில் இனிப்புப் பானங்களுக்கு ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்று போட்டார்கள். 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம் சீனி இருந்தால் 20 ரூபா, கணக்கு முடிந்தது. பானம் செய்யும் பெரிய தொழிற்சாலைகளை விரல்விட்டு எண்ணலாம். லேபலில் சீனியின் அளவு இருக்கிறது. வாசலில் வைத்தே வசூலித்துவிடலாம். அந்த வரியையே பிறகு குறைத்துவிட்டார்கள் என்பது தனிக்கதை. பிரித்தானியா 2018 ஏப்ரலில் 100 மில்லிலீற்றருக்கு 5 கிராம், 8 கிராம் என்று இரண்டு படி வைத்தது. வரியிலிருந்து தப்ப கம்பனிகள் சீனியை 5 கிராமுக்குக் கீழே இறக்கின. உண்மையில் அந்த வரி எதிர்பார்த்ததும் அதைத்தான்.

கொழுப்புக்கு இதே மாதிரி செய்து பார்த்த நாடு டென்மார்க். 2011 ஒக்டோபர் 1 முதல், நிரம்பிய கொழுப்பு (பட்டர், தேங்காயெண்ணெய் போன்றவற்றில் அதிகம் இருக்கும், கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றும் வகை) 2.3 வீதத்துக்கு மேல் உள்ள உணவுகளுக்கு, அந்தக் கொழுப்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் அந்நாட்டு நாணயத்தில் 16 குரோனர். அதற்கு மேல் 25 வீத வற் வரியும் ஏறும் என்பதால் வாங்குபவருக்கு அது 20 குரோனர். 250 கிராம் பட்டர் கட்டியில் ஏறக்குறைய 130 கிராம் நிரம்பிய கொழுப்பு; அப்படியென்றால் இரண்டரை குரோனருக்குச் சற்று மேல். சாதாரணப் பால் அந்த 2.3 வீத எல்லையால் தப்பியது. சனங்கள் மலிவுக் கடைகளுக்கு மாறினார்கள், எல்லை தாண்டி ஜெர்மனிக்கும் சுவீடனுக்கும் போய் வாங்கினார்கள், உணவுக் கம்பனிகள் கணக்கு வைக்கும் செலவைச் சொல்லிப் புலம்பின. 2013 ஜனவரியோடு வரி போயிற்று, பதினைந்து மாத ஆயுசு. பின்னர் வந்த ஆய்வில் நிரம்பிய கொழுப்பு உண்பது 4 வீதமளவில் குறைந்ததாகத் தெரிந்தது. ஆகவே வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது, தாக்குப்பிடிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இதே சூத்திரத்தைக் கொழும்புக்குக் கொண்டுவந்து பார்ப்போம். கணக்குக்கு இலகுவாக, நிரம்பிய கொழுப்பு ஒரு கிலோவுக்கு 500 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். வற் வரியை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

தேங்காயெண்ணெய் ஒரு லீற்றர் 920 கிராம் நிறை. அதில் 83 வீதம் நிரம்பிய கொழுப்பு, அதாவது 760 கிராம். வரி 380 ரூபா. பாம் ஒயிலில் பாதிதான் நிரம்பியது, லீற்றருக்கு 225 ரூபா. சூரியகாந்தி எண்ணெய்க்கு ஐம்பது ரூபா வரும். இனி வெள்ளவத்தையிலோ ஆமர் வீதியிலோ பாம் ஒயிலில் பொரித்த ஒரு ரோல்ஸ். அது 10 கிராம் எண்ணெய் குடித்தால் 5 கிராம் நிரம்பிய கொழுப்பு, வரி இரண்டரை ரூபா. 15 கிராம் மாஜரின் போட்ட பட்டிஸுக்கு மூன்று ரூபா. ரோல்ஸ் விலை இரண்டரை ரூபா ஏறியதற்காகப் பிளேன்ரியோடு அதைச் சாப்பிடுகிறவர் யாராவது நிறுத்துவாரா? வீட்டில் தாளிப்பதற்குத் தேங்காயெண்ணெய் வாங்குகிறவர்தான் 380 ரூபாவைப் பார்த்துத் திடுக்கிடுவார்.

தேங்காயெண்ணெய் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்குள் நான் இங்கே போகவில்லை. அதில் ஏறக்குறைய பாதி லோரிக் அமிலம் என்ற நிரம்பிய கொழுப்பமிலம், அது நல்ல கொலஸ்ட்ரோலையும் கெட்ட கொலஸ்ட்ரோலையும் சேர்த்தே ஏற்றும் என்பது போதும். "பாட்டன் பூட்டன் தின்றதுதானே" என்பவர்கள் பாட்டன் நடந்த தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் வரி என்று வரும்போது பிரச்சினை வேறு. சந்தையில் உரித்து விற்கும் தேங்காயில் யாராலும் வரி அறவிட முடியாது. திருவினால் 250 கிராம் பூ வரும் தேங்காயில் 75 கிராம் நிரம்பிய கொழுப்பு இருக்கிறது, வரி 37 ரூபா, வசூல் பூச்சியம். அதே தேங்காய் பக்கற் பாலாகவோ பால்மாவாகவோ தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தால் வரி உண்டு. நேரத்துக்கு வேலைக்கு ஓடுகிறவர் பக்கற் பாலில் சொதி வைத்தால் வரி கட்டுவார்; திருவிப் பிழிய வீட்டில் ஆள் இருப்பவர் கட்டமாட்டார்.

அடுத்தது கலப்படம். சில்லறையில் அளந்து விற்கும் தேங்காயெண்ணெயில் பாம் ஒயில் கலப்பது ஊரறிந்த விஷயம். ஆய்வுகூடத்தில் பிடிப்பது கஷ்டமில்லை: நிரம்பாத கொழுப்பு கூடக்கூட ஏறும் அயடின் பெறுமானம் என்ற அளவு தேங்காயெண்ணெய்க்கு 6க்கும் 11க்கும் இடையில், பாம் ஒலீனுக்கு (பாம் ஒயிலின் திரவப் பகுதி) 56க்கு மேல். கொஞ்சம் கலந்தாலும் இலக்கம் எகிறிவிடும். ஆனால் லீற்றருக்கு 155 ரூபா வரி வித்தியாசத்தை அரசே உண்டாக்கினால், கலப்பவருக்கு அது இன்னொரு 155 ரூபா இலாபம். எத்தனை மாதிரிகளைத்தான் சோதிப்பது?

இதைவிட மோசமான பின்விளைவு பொரிக்கும் தாச்சியில் நடக்கும். எண்ணெய் விலை ஏறினால் சிறு கடைக்காரர் பொரிப்பதைக் குறைக்கமாட்டார், எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடுவார். 175 பாகை செல்சியஸில் திரும்பத் திரும்பக் கொதிக்கும் எண்ணெயில், ரோல்ஸிலிருந்து உதிரும் பாண் தூளும் உள்ளே இருக்கும் ஈரமும் சேர்ந்து எண்ணெயைச் சிதைக்கின்றன. அப்படி உண்டாகும் முனைவுச் சேர்வைகள் எண்ணெயின் 25 வீதத்தைத் தாண்டினால் அதைக் கொட்ட வேண்டும் என்று இந்தியா 2018 ஜூலையிலிருந்து விதி வைத்திருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் ஏறக்குறைய இதே அளவுதான். கண்ணுக்கே தெரியும் அறிகுறிகளும் உண்டு: அடங்காத நுரை, முன்பை விடக் குறைந்த சூட்டிலேயே புகைதல், கரண்டியில் பிசுபிசுப்பு. நிறத்தை மட்டும் நம்பக்கூடாது, மஞ்சளும் மிளகாய்த்தூளும் புது எண்ணெயையே கறுக்க வைக்கும். பழையதோடு புதியதை ஊற்றிச் சமாளிப்பது கடைகளில் வழக்கம். அப்படிச் செய்தால் புதியதும் சீக்கிரம் கெடும். ஒவ்வொரு தடவை பொரித்த பிறகும் தூளை வடித்தெடுத்து மூடி வைத்தாலே எண்ணெய் கூடுதல் காலம் நிற்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கையில் ஒரு பெட்டி சோதனைப் பட்டிகை இருந்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். கொழுப்பு வரி இந்தத் தாச்சியைத் தொடவே தொடாது.

கேரளாவும் ஒரு தடவை முயன்றது. 2016இல் பேகர், பீட்சா, டோநட் போன்றவற்றுக்கு 14.5 வீதம், அதுவும் பிராண்ட் பெயர் உள்ள உணவகங்களுக்கு மட்டும். தெருவோரப் புரோட்டாக் கடை தப்பியது. அடுத்த வருடம் இந்தியா முழுவதற்குமான ஜீஎஸ்டி வரி வந்ததும் அது அதற்குள் கரைந்துபோயிற்று. மெக்சிக்கோவின் வழி இதைவிடப் புத்திசாலித்தனமானது: 2014 முதல், 100 கிராமில் 275 கிலோகலோரி அல்லது அதற்கு மேல் உள்ள அத்தியாவசியமற்ற உணவுகளுக்கு 8 வீதம். சிப்ஸ், பிஸ்கட், கேக் வகைகள்தான் சிக்கின. முதல் வருடத்தில் அவற்றின் கொள்வனவு 5 வீதமளவில் குறைந்தது, வசதி குறைந்த வீடுகளில் அதைவிடக் கூட.

நம் நாட்டில் அதற்கான அடித்தளம் பாதி இருக்கிறது. 2019இல் வந்த நிறக்குறியீட்டு ஒழுங்குவிதிப்படி, 100 கிராமில் 17.5 கிராமுக்கு மேல் கொழுப்பு இருந்தால் சிவப்பு, 3 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை. அந்த நிறம் காட்டுவது மொத்தக் கொழுப்பின் கணக்கு, நிரம்பிய கொழுப்பின் கணக்கு இல்லை. ஆகவே டென்மார்க் மாதிரி போனால் ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் நிரம்பிய கொழுப்பின் அளவைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். சிவப்பு வட்டத்தையே வரி எல்லையாக்கி, பக்கற் சிப்ஸ், கிரீம் பிஸ்கட், சொக்லேட் பூசியவை என்று பெயர் குறித்து வர்த்தமானியில் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. கம்பனிக்கும் 17.4க்கு இறக்க ஒரு காரணம் கிடைக்கும். தேங்காய், பால்மா, வீட்டு எண்ணெய் ஆகியவற்றை வெளிப்படையாகவே விலக்கிவிடலாம்.

பேக்கரி மாஜரினுக்கும் ஷோர்ட்னிங் என்ற கெட்டிக் கொழுப்புக்கும் வரியை விடத் தரக்கட்டுப்பாடுதான் பொருத்தம் என்பது என் கருத்து. அதே டென்மார்க்தான் 2003இல் 100 கிராம் கொழுப்பில் ட்ரான்ஸ் கொழுப்பு (தாவர எண்ணெயைத் தொழிற்சாலையில் கெட்டியாக்கும்போது உண்டாவது) 2 கிராமைத் தாண்டக்கூடாது என்று விதித்தது. அது நிலைத்தது, மற்ற நாடுகளும் பின்பற்றின. வாங்குபவர் எதையும் கணக்குப் பார்க்கத் தேவைப்படவில்லை. மாஜரினைத் துறைமுகத்தில் 1517 என்ற சுங்கக் குறியீட்டில் பிடிக்கலாம், உள்ளூர் உற்பத்தியைத் தொழிற்சாலையில் பிடிக்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ட்ரான்ஸை எடுத்துவிட்டு, பாம் ஒயிலின் கெட்டிப் பகுதியான பாம் ஸ்டியரினைப் போட்டால் நிரம்பிய கொழுப்பு ஏறும், ஆகவே இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

வரி போடுவதென்றால் ரூபாக் கணக்கில் போட்டுவிட்டு மறந்துபோகவும் கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அப்படியொரு வருடத்தில் கிலோவுக்கு இத்தனை ரூபா என்று நிர்ணயித்த வரி தானாகவே தேய்ந்துவிடும். ஒவ்வொரு ஜனவரியும் அந்தச் சுட்டெண்ணோடு வீதமும் ஏறும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால், பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் பேரம் பேச வேண்டியிருக்காது.