பில்டு நின்றால் நல்லது

சி மொழியில் எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி 14 கம்பைலர் 2024 மே மாதம், வேலூரில் கத்திரி வெயில் தொடங்கியிருந்த நேரத்தில் வெளிவந்தது. முன்கூட்டி அறிவிக்காத ஃபங்ஷனை (பெயரிட்ட நிரல் துண்டை) அழைப்பது, வகை எழுதாமல் விட்டதை இண்ட், அதாவது முழு எண் வகை, என்று எடுத்துக்கொள்வது, முழு எண்ணைப் பாயிண்டர் (நினைவக முகவரி) இருக்க வேண்டிய இடத்தில் வைப்பது ஆகியவற்றுக்கு அதுவரை எச்சரிக்கை மட்டுமே தந்துவந்த கம்பைலர், அன்றிலிருந்து பிழை என்று சொல்லி பில்டை, அதாவது நிரலை உருவாக்கும் வேலையை, நிறுத்தியது. இவற்றுள் முதல் இரண்டையும் சி மொழியின் தரம் 1999இலேயே நீக்கிவிட்டது.

சத்துவாச்சாரியில் மாலை வேளைகளில் என்னோடு அமர்ந்து டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மென்பொருள் பேக்கேஜ்களைச் சரிசெய்யும் கல்லூரி மாணவர்களில் ஒருவர், "அண்ணா, பழைய கம்பைலர்ல நல்லாத்தானே ஓடுது?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு சொல்லைத் தேடி அது இருக்கும் இடத்தின் முகவரியைத் தரும் ஸ்டிர்கேஸ்ஸ்டிர் என்னும் ஃபங்ஷன், நிரலில் க்னூ சோர்ஸ் என்ற மேக்ரோவை (கம்பைலருக்கான குறிப்புப் பெயரை) வரையறுத்தால்தான், ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஹெடர் கோப்பில் தென்படும். அதை எழுத மறந்தால், பழைய கம்பைலர் அந்த ஃபங்ஷன் இண்ட் தரும் என்று தானே ஊகித்துக்கொள்ளும். 64 பிட் முகவரியில் கீழ் 32 பிட் மட்டுமே மிஞ்சும். முகவரி 2 ஜிபிக்குள் அமைந்தால் நிரல் ஓடும், அதைத் தாண்டினால் தவறான நினைவக இடத்தைத் தொட்டு, செக்மென்டேஷன் ஃபால்ட் என்று பாதியில் விழும். நல்லா ஓடுது என்று நாம் நம்பியது இந்தத் தற்செயலைத்தான்.

பில்டு நிற்பதைவிட, நிற்காமல் முடிந்துவிடுவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஒரு வசதி கணினியில் உள்ளதா என்று அறிய, பில்டுக்கு முன் ஓடும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் சிறு சி நிரல் ஒன்றை எழுதிக் கம்பைல் செய்து பார்க்கும். அந்தச் சோதனை நிரலிலேயே மெயின் என்ற தொடக்க ஃபங்ஷனுக்கு முன் இண்ட் இல்லை, நிரலை முடிக்கும் எக்ஸிட்டுக்கு உரிய ஹெடர் இல்லை என்றால், புதிய கம்பைலர் அதை மறுத்துவிடும். கான்ஃபிகரோ வசதி இல்லை என்று குறித்துக்கொண்டு மேலே போய்விடும். பேக்கேஜ் ஒரு பிழையும் காட்டாமல் உருவாகும், ஆனால் நேற்றுவரை இருந்த வசதி இன்று அதில் இருக்காது. ஆகவே இரண்டு கம்பைலர்களிலும் கான்ஃபிகரை ஓட்டி, சோதனை முடிவுகள் பதிவாகும் கான்ஃபிக் டாட் ஹெச் கோப்புகளை, வித்தியாசம் காட்டும் டிஃப் கட்டளை கொடுத்துப் பார்க்காமல் எந்தப் பேக்கேஜையும் முடிந்ததாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15, சி மொழியின் புதிய தரமான சி23ஐ, நாம் வேறு தரம் கேட்காதவரை பின்பற்றும் இயல்புத் தரமாக்கியது. உண்மை, பொய் என்ற மதிப்புகளுக்கான வகையான பூல் இப்போது மொழியின் சொந்தச் சொல் ஆகிவிட்டதால், அதே பெயரில் தாமே டைப்டெஃப் (வகைக்குச் சூட்டும் பெயர்) வைத்திருந்த பழைய ஹெடர்கள் அடிபட்டன. ஃபங்ஷன் அறிவிப்பில் வரும் வெற்று அடைப்புக்குறிக்கும் ஆர்க்யுமென்ட் (ஃபங்ஷனுக்குத் தரும் மதிப்பு) கிடையாது என்பதே பொருளாகிவிட்டது.

கம்பைலருக்குத் தரும் கட்டளையில், பிழைகளை மீண்டும் எச்சரிக்கையாக்கும் பெர்மிசிவ் கொடியோ பழைய தரத்தைக் கேட்கும் கொடியோ சேர்த்தால் பில்டு உடனே ஓடும் என்பது உண்மைதான்; வெளியீட்டு அவசரத்தில் அதைச் செய்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கொடி, பேக்கேஜை உருவாக்கும் விதிகள் உள்ள ரூல்ஸ் கோப்பிலேயே தங்கிவிட்டால், வெட்டுப்படும் முகவரி அப்படியே இருக்கும். நாங்கள் வரியைத் திருத்தி, அந்தத் திருத்தம் மட்டும் அடங்கிய பேட்ச் கோப்பை முதலில் மூல ஆசிரியருக்கு அனுப்புகிறோம். பதில் வராதபோது டெபியனின் பேட்ச் அடைவில் வைத்து, எந்த வரி எதற்காக மாறியது என்று அதன் முகப்பில் எழுதிவிடுகிறோம்; அடுத்த கம்பைலர் வரும்போது அதைத் திறந்து பார்ப்பவர் குடியாத்தத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த மாணவராகவும் இருக்கலாம்.