டூல் மூக்கும் ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டும்

திருகோணமலையில லேத் பட்டறை வேலை எண்டா பாதிக்கு மேல போட் ஷாஃப்ட் தான், எஞ்சினில இருந்து புரொப்பெல்லரைச் சுத்திற கம்பி. நான் சேர்ந்த புதுசில 316 ஸ்டெயின்லெஸ்ல ஒண்டு கடைஞ்சு, எமரித் தாள் போட்டு பளபளக்க வச்சுக் குடுத்தனான், கொஞ்ச நாளில போட்காரர் திரும்பி வந்திட்டார், கிளாண்டுக்குள்ள (ஷாஃப்ட் போட்டுக்கு வெளிய போற இடத்தில தண்ணியை மறிக்கிற கூடு) போட்ட பக்கிங் அடைப்பு எல்லாம் அரைபட்டு தண்ணி உள்ளுக்கு வருதாம். பாஸ் ஏசேல்ல. ஷாஃப்டில நகத்தை வச்சு நீட்டுக்கு ஒருக்கா இழுத்தார், கிர்ர்ர் எண்டுது. "மூக்கைப் பாத்தியா தம்பி?" எண்டார், அவ்வளவு தான்.

டூல் விட்டிட்டுப் போற மேடு பள்ளத்தில எமரி மேட்டின்ர தலையைத் தான் தேய்க்கும், பள்ளம் அப்பிடியே கிடக்கும்.

மூக்கு எண்டது டூல் நுனியில இருக்கிற வளைவு. ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்த டூல் 0.2 மில்லிமீட்டர் நகருது (அது தான் ஃபீட்) எண்டு வையுங்கோ, மூக்கு ரேடியஸ் 0.4 எண்டா நிக்கிற மேடு 12.5 மைக்ரோன், ரேடியஸ் 0.8 எண்டா அதில பாதி, ஃபீடைப் பாதியாக்கினா மேடு காலாயிடும். நான் இரும்புக்கு வைக்கிற ஃபீடை அப்பிடியே வச்சிருக்கிறன்!

சரி எண்டு அடுத்த முறை ஃபீடை நல்லாக் குறைச்சு, மயிரளவு வெட்டு வச்சன், டூல் கொஞ்சம் மொட்டை வேற. ஸ்டெயின்லெஸ் அதுக்கு மசியாது. வெட்டாம உரஞ்சினா மேல்தோல் இறுகிப் போயிடும், பிறகு அடுத்த வெட்டுக்கு டூல் கத்தும். எச்எஸ்எஸ் (ஹைஸ்பீட் ஸ்டீல்) டூல்ல வேகம் சரியில்லாட்டி உலோகம் முனையில ஒட்டி ஒட்டிப் பிய்யும், முகம் மீன் செதில் மாதிரி வரும். அதுக்கு டூலின்ர மேல்முகச் சரிவைக் கூட்டித் தீட்டி, கிரைண்டர் பிசிரை ஒயில் ஸ்டோனில எடுத்திட்டுத் தான் பாஸ் டூலைப் பூட்டுவார், கல்லில மூக்கை உருட்டிற அந்தக் கை எனக்கு இன்னும் வரேல்ல.

அப்ப பெரிய மூக்கு தானே நல்லம் எண்டு 1.2 ரேடியஸ் டிப் (கழட்டிப் பூட்டிற வெட்டு நுனி) போட்டும் பாத்தன். நீளமான மெல்லிசு ஷாஃப்ட், பெரிய மூக்கு அதைப் பக்கவாட்டில தள்ள, நடுவில அதிரத் தொடங்கி பட்டறை முழுக்க ஊளைச் சத்தம், தேத்தண்ணிக் கடைக்காரரே எட்டிப் பாத்தார். திரும்ப 0.4 போட்டு, ஸ்டெடி (ஷாஃப்ட் வளையாமத் தாங்கிற பிடி) பூட்டி, ஃபீட் 0.1 வச்ச பிறகு தான் அடங்கிச்சு.

அந்தப் போட்காரருக்குப் புதுக் கம்பியில ஷாஃப்ட் செய்து குடுத்தம். நகத்தை வச்சு இழுத்துப் பாத்தார், சத்தமில்லை. பிறகு காசைக் குறைக்கச் சொல்லி அரை மணித்தியாலம் நிண்டார்.