கரையில் நெருப்பு மூட்ட ஒரு கடுதாசி

25 பேர் ஒரு பின்னேரம் கடற்கரையில் கூடி, கூழ் குடித்து, நெருப்பைச் சுற்றி இருந்து கதைத்துவிட்டு இரவு வீடு திரும்ப, மூன்று கிழமையும் ஆறு நடையும் பிடித்தது. வன்னியில் பால்புதுமையினர் (ஒருபாலீர்ப்பினர், திருநங்கை, திருநம்பி போன்றவர்கள்) ஒன்றுகூடல் வைக்க யோசிக்கிறவர்கள் எங்களைப்போல் அலையக்கூடாது என்றுதான் எழுதுகிறோம். முல்லைத்தீவு மாவட்டக் கரை என்பதற்கு மேல் இடம் சொல்லமாட்டோம். அடுத்தமுறையும் அங்கேதான் வைக்கவேண்டும்.

முதல் மூன்று நடையும் வீண். முதல் ஏறிய அலுவலகத்தில் "உது எங்கட அலுவலில்லை" என்றார்கள். இரண்டாவது இடத்தில் கிராம சேவகரின் கடிதம் கேட்டார்கள். கிராம சேவகரோ கடற்றொழிலாளர் சங்கத்தின் சம்மதம் இல்லாமல் எழுதமாட்டேன் என்றார். நாங்கள் தலைகீழாகப் போயிருக்கிறோம். சங்கத்திலிருந்து தொடங்கியிருந்தால் பாதி நடை மிச்சம்.

சங்கத்தில் அரை மணித்தியாலத்தில் அலுவல் முடிந்தது. கரை சும்மா கிடக்கிற மணல் இல்லை. கரைவலை இழுக்கும் பகுதிகளாக, பாடுகளாக, பிரிந்து கிடக்கிறது. எந்தப் பாட்டில் எத்தனை மணிக்கு வலை வளைப்பார்கள், கயிறு எங்கே போகும், உழவு இயந்திரம் எந்தத் தடத்தால் இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். "தம்பியவை, அந்தக் கடைசி வாடிக்குத் தெற்கால இருங்கோ. விடியுமட்டும் ஒருத்தரும் வரமாட்டினம்" என்று ஐயா ஒருவர் மணலில் கோடு கீறிக் காட்டினார். அந்தக் கோடு எங்களுக்கு எந்தக் கடிதத்தையும்விடப் பெறுமதியாக இருந்தது.

உண்மையாக நெஞ்சு பதறியது பொலிசில்தான். எழுத்தில் அறிவிக்கப் போனால், மேசையில் இருந்தவர் "ஆர் ஆர் வருகினம்? அடையாள அட்டை நம்பரோட பட்டியல் தாங்கோ" என்றார். கொடுக்கவில்லை. அந்த நடையும் வீணாய்ப் போனது. திரும்பவும் போய், ஆட்களின் எண்ணிக்கை, பொறுப்பாளர் இருவரின் அடையாள அட்டைப் பிரதி, வான் இலக்கம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஒலிபெருக்கி இல்லை என்ற ஒரு வரி, இவ்வளவையும் வைத்துக் கடிதம் கொடுத்தோம். அது போதுமாயிருந்தது.

பட்டியலில் நாங்கள் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். ஒருபால் உறவைக் குற்றமாக்கும், இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. அவற்றை மாற்றக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது, ஆனால் சட்டம் மாறவில்லை. அந்தப் பிரிவுகள் தண்டிப்பது செயலை. கூடி இருந்து கூழ் குடிப்பது குற்றமில்லை. ஆனால் 25 பெயரும் இலக்கமும் ஒரு லாச்சிக்குள் கிடந்தால், அது என்றைக்கு யார் கையில் போகும் என்று யாராலும் சொல்லமுடியாது. இங்கே ஒரு ஊரில் ஒரு பெயர் வெளியே போனால், வீடு, வேலை, கோயில் எல்லாம் சேர்ந்தே போகும்.

கையொப்பம் வைக்கும் இருவரும் அடையாள அட்டைப் படத்தோடு முகம் ஒத்துப்போகிறவர்களாக இருக்கட்டும். பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்தும் அட்டை இன்னும் மாறாத திருநங்கை, திருநம்பித் தோழர்களை அந்த மேசைக்கு முன்னால் நிற்கவைக்காதீர்கள். 18 வயதுக்குக் குறைந்த ஒருவரையும் கூப்பிடாதீர்கள். கடிதத்தின் இரண்டாம் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். ஏழரை மணிக்கு ரோச் அடித்துக்கொண்டு வந்த கடற்படையினர் அந்த முத்திரையைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாள் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். மே மாதத்தைத் தொடவே வேண்டாம். 2009 இல் இந்தக் கரையில் நடந்ததற்கு ஊர் அழுகிற மாதம் அது. முள்ளிவாய்க்கால் பக்கம் எந்த மாதத்திலும் வேண்டாம். டிசம்பர் 26 சுனாமி நினைவு நாள். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வாடை, கடலும் மழையும் விடாது. பங்குனி நல்லது. நிலவு வேண்டுமென்றால் போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறைக்கு) முதல்நாள் வையுங்கள், அன்று கரையில் சனம் குறைவு.

நெருப்புக்குக் குழி மூன்றடி அகலம், ஒரு அடி ஆழம் போதும். ஆழமாகத் தோண்டவேண்டாம், சனம் புழங்காத இடத்தில் தோண்டவே வேண்டாம். கண்ணிவெடி இருந்த மண் இது. சங்கத்துக்காரர் காட்டிய இடத்துக்கு வெளியே மண்வெட்டி வைக்கக்கூடாது. சவுக்கங்கூடலில் இருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளி, ஈர மணல் தொடங்கும் இடத்துக்குக் கிட்ட. காய்ந்த சவுக்கஞ்சருகு ஒரு பொறியில் பற்றும். மேட்டு மணலில் ஆமைத் தடம் கண்டால் இடத்தை மாற்றுங்கள்.

மூன்று மணித்தியால நெருப்புக்கு மணிக்கட்டுப் பருமனில் பிளந்த விறகு 40 கிலோ போனது. விறகைக் கடையில் ரசீதோடு வாங்குங்கள், காட்டில் பொறுக்கி ஏற்றினால் வழியில் மறிப்பார்கள். மூட்டுவதற்குத் தென்னோலை, கொக்கறை, சிரட்டை, ஊமல் (காய்ந்த பனங்கொட்டை). ஊமல் பிடிக்கச் சுணங்கும், பிடித்தால் நெடுநேரம் நின்று எரியும். பெற்றோல் கிட்டவும் வரக்கூடாது. கரையில் கிடக்கும் உடைந்த பைபர் வள்ளத் துண்டுகளைப் போடாதீர்கள், புகை நெஞ்சைப் பிடிக்கும்.

கூழுக்கு வேறாக மூன்று கல் அடுப்பு வையுங்கள். பெரிய நெருப்பில் பானையை வைத்தால் அடி பிடிக்கும். 25 பேருக்கு ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா) ஒன்றேகால் கிலோ, நன்றாக ஊறவிட்டுத் தண்ணீரை வடித்தெடுக்கவேண்டும், இல்லாவிட்டால் கைக்கும். மச்சம் சாப்பிடாதவர்களுக்கு மீன் போடுமுன் ஒரு சட்டியில் தனியாக எடுத்துவைத்தோம். குடிக்கப் பலாவிலை. குடிநீர் 75 லீற்றர் கொண்டுபோனோம், கரையோரக் கிணறுகளை நம்பமுடியாது.

மலசலகூடம்தான் நாங்கள் கடைசி நேரம் வரை யோசிக்காத விடயம். திறந்த கரையில் திருநங்கைத் தோழிகள் எங்கே போவது? பக்கத்து வீட்டு அம்மா ஒருவரிடம் காசு கொடுத்துப் பேசினோம், யார் வருகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். "அதுக்கென்ன பிள்ளை, லைற்றைப் போட்டு விடுறன்" என்றார். வாசலில் வாளி நிறையத் தண்ணீரும் வைத்திருந்தார்.

படத்தில் வர விரும்பாதவர்கள் கையில் சிவப்பு நூல் கட்டினார்கள். 25 பேரில் 19 கையில் நூல். அதனால் படமே வேண்டாம் என்று எல்லோரும் முடிவெடுத்தோம்.

கடைசி பஸ் பொழுதுபடமுன் போய்விடும். வான் பேசும்போது ஆட்களை வீட்டு வாசலில் இறக்காமல் சந்திகளில் இறக்கவேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

நெருப்பை மண் போட்டு மூடினோம், அதுதான் பிழை. மணலுக்குள் தணல் விடியும்வரை கிடக்கும். விடிய நாலு மணிக்குக் கரைவலைக்காரர் வெறுங்காலோடு வருவார்கள். வானில் ஏறியபிறகு ஒருவருக்கு அது பொறிதட்ட, திரும்பி இறங்கி, மணலைக் கிண்டினால் அடியில் செக்கச்செவேல் என்று கிடந்தது. கடல்தண்ணீர் பத்து வாளி ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, திரும்ப ஊற்றி, புறங்கையை வைத்துப் பார்த்தோம். இன்னும் சூடு. மேலும் ஆறு வாளி. குளிர்ந்த கரியைச் சாக்கில் அள்ளி வானில் ஏற்றும்போது பத்தேகால்.